சுருண்ட வேரும் கம்பி வலையும்: நாவல் கன்றுகள், இரண்டாம் சுற்று

நேற்றுக் காலை, நன்றாக வளர்ந்துகொண்டிருந்த ஒரு நாவல் கன்றை வேண்டுமென்றே தோண்டி எடுத்தேன். விதைத்துப் பதினான்கு மாதம். இடுப்புயரம். நுனிக்கொழுந்து செம்பு நிறத்தில் பளபளத்தது. என் மனைவி வரப்பில் நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கோபம் நியாயமானதுதான். ஆனால் எனக்கு அந்த வேரைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.

பார்த்துவிட்டேன். நாற்றுப் பையின் அடிப்பகுதி இருந்த இடத்தில் ஆணிவேர் நின்றுபோய், அங்கிருந்து மூன்று வேர்கள் பென்சில் கனத்தில் நேராகக் கீழே இறங்கியிருந்தன. ஒன்று இரண்டரை அடி ஆழத்தில் சுக்கான் கல்லின் பிளவுக்குள் நுழைந்திருந்தது. அதற்குமேல் என் கடப்பாரை போகவில்லை, வேர் போயிருந்தது. சுருள் எங்கும் இல்லை. இரண்டு வருடமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

2023 ஆடியில் நட்ட 60 கன்றுகளின் கதை வேறு. சேலத்தை அடுத்த குப்பனூர்ப் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் நிலம். செஞ்சரளை, கீழே சுக்கான். அன்று ஒரு நாற்றங்காலில் நாலடி உயரக் கன்றுகளாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கினேன். ஆறுக்கு ஒன்பது அங்குலப் பையில் நாலடிக் கன்று. எத்தனை மாதம் அந்தப் பைக்குள் அடைந்து கிடந்தது என்று நானும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. அடுத்த சித்திரைக்குள் 41 கன்றுகள் காய்ந்துவிட்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன், பிறகு கரையானைச் சந்தேகித்தேன். பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து, காய்ந்த கன்று ஒன்றை ஒரே கையால் பிடுங்கினார். முள்ளங்கிபோல வந்துவிட்டது. பையின் வடிவம் மாறாமல், உள்ளே முறுக்குச் சுட்டதுபோல வேர். "தம்பி, இதை நீங்கள் மண்ணில் நடவே இல்லை. இது இன்னும் பையில்தான் இருக்கிறது" என்றார்.

தேக்காக இருந்தால் இப்படிப் போயிருக்காது. தேக்கு நாற்றைத் தண்டும் வேரும் நறுக்கி, வெறும் குச்சியாக நட்டாலும் தழைத்துவிடும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும். நாவல், மகிழம், பலா போன்ற பசுமை மாறாத மரங்களுக்கு அந்த வசதி இல்லை. பங்குனி வெயிலிலும் இலை இருக்கும், இலை இருக்கும்வரை நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த நீரை ஏற்றித்தர வேர் ஆழத்தில் இருக்க வேண்டும். ஒன்பது அங்குலத்தில் சுற்றிச்சுற்றிப் படுத்திருக்கும் வேர் என்ன செய்யும்?

ஆகவே 2024 ஆனியில் விதையிலிருந்தே தொடங்கினேன். அயோத்தியாப்பட்டணம் சாலையோரத்தில் கூடையில் வைத்து விற்ற பழம். தின்ற கொட்டையை அன்றைக்கே கழுவி அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். நாவல் விதை காய்ந்தால் உயிர் போய்விடும், டப்பாவில் போட்டு வைப்பதெல்லாம் வீண். ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளை வரும். வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்பதும் ஆடிவிடும்.

இனி கம்பி வலை. இதில்தான் என் நேரம் முழுவதும் போயிற்று. எண்ணம் எளிது: பையின் அடி திறந்திருக்க வேண்டும், அடியில் மண் இல்லாமல் காற்று இருக்க வேண்டும். கீழே வரும் வேர்நுனி காற்றில் பட்டுக் காய்ந்து நின்றுவிடும், சுருளாது. மேலே பக்கவேர்கள் நிறைய விடும். நட்டபிறகு அந்த முனையிலிருந்து புது வேர்கள் இறங்கும். செய்து பார்க்கும்போது எளிதாக இல்லை.

முதலில் வலையைத் தரையிலேயே விரித்தேன். வேர் வலையைத் தாண்டி மண்ணுக்குள் போய்விட்டது. தூக்கியபோது அறுந்த சத்தம் காதில் கேட்டது. அடுத்து ஒரு செங்கல் உயரம். மூன்று அங்குலம்தானே, கீழே புல் முளைத்து எப்போதும் ஈரம் தங்கியது, வேர்நுனி காயாமல் தொங்கிக்கொண்டு வளர்ந்தது. கடைசியில் ஹாலோ பிளாக் கற்களை வரிசையாக வைத்து, எட்டு அங்குல உயரத்தில் வலையைக் கட்டினேன். அடியில் காற்று தாராளமாகப் போகிறது. ஐந்தாம் வாரம் குனிந்து பார்த்தால் பைக்கு அடியில் பழுப்பு நுனிகள், எல்லாம் காய்ந்து நின்றிருந்தன. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

கோழி வலை வாங்காதீர்கள், பாரத்தில் தொய்ந்துவிடுகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கினேன்; விலை அதிகம், ஆனால் அசையவில்லை. அடி திறந்த பையிலிருந்து மண் கொட்டாமலிருக்க ஒரு பிடி தேங்காய் நாரை அடைத்து, அதன்மேல் கலவை. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம். வலைமேல் இருக்கும் பை சீக்கிரம் காயும். வெயில் நாளில் இரண்டு வேளை பூவாளி பிடிக்க மனமில்லாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

அப்படி வளர்ந்த 48 கன்றுகளை மூன்று மாதத்தில், ஒரு சாண் உயரத்திலேயே, புரட்டாசி மழையில் நட்டேன். கோடை தாண்டி 43 நின்றன. நேற்றுத் தோண்டியது போக இப்போது 42. நட்ட அன்று பெரிய இலைகளில் பாதியை நறுக்கிவிட்டேன். மூடாக்கு போட்டேன், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி; வைக்கோல் தண்டை ஒட்டிக் கிடந்தால் கரையானுக்கு நாமே வழிகாட்டுவதுபோல.

கூடவே 12 குழிகளில் கொட்டையை நேரடியாகவும் ஊன்றியிருந்தேன். ஏழு கொட்டைகளை அணிலும் எலியும் எடுத்துக்கொண்டன. மிச்சம் ஐந்தும் வலைக் கன்றுகளைவிட உயரம். இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பலாவுக்கு இனி நேரடி விதைப்புதான். கொட்டைக்கு மேல் கம்பிக் கூடு கவிழ்த்துப் பார்க்கப் போகிறேன்.

வாங்கிய கன்றைத்தான் நட வேண்டிய நிலையென்றால்: உயரத்தைப் பார்க்காதீர்கள், ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நடும்போது பையைப் படுக்கவைத்து, அடியில் ஓர் அங்குலத்தைப் பையோடு சேர்த்துப் பண்ணரிவாளால் அறுத்து எறிந்துவிடுங்கள். பக்கவாட்டில் மூன்று கீறல் மேலிருந்து கீழாக. முதல் நாள் மாலையே நீர் விட்டிருந்தால் மண்கட்டி உதிராது. மனம் வராது, தெரியும். 2023-இல் தப்பிய 19 கன்றுகளையும் நான் நம்பவில்லை. சுருண்ட வேர் பருத்துத் தன் கழுத்தையே நெரிக்கும், பத்து வருட மரத்தைக்கூட ஒரு காற்று சாய்த்துவிடும்.

மலைமேல் நாகலூரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர், சில்வர் ஓக் நடு, சீக்கிரம் வளரும் என்கிறார். மேலே காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் அது சரி. கீழே என் சரளையில் ஆஸ்திரேலிய மரம் எதற்கு? நாவல் பழுத்தால் பறவை வரும். உலக்கைப்பாலை என்னும் நாட்டு மரத்தின் விதைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். சேர்வராயன் மலைக்கே பேர்போன சந்தனமும் பட்டியலில் உண்டு. அது பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழும் மரம், ஆகவே துவரையோடு சேர்த்துத்தான் வளர்க்க வேண்டும். வலைமேல் இரண்டு வேரும் ஒன்றாக எப்படி நடந்துகொள்ளும் என்று யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

இந்த வருடக் கன்றுகள் 70 இப்போது வலைமேல் காத்திருக்கின்றன. ஒன்றரை அடிக் குழி 38 முடிந்தது. மூன்றாம் வரிசையில் முக்கால் அடியிலேயே சுக்கான் தட்டுகிறது. கடப்பாரை முனை மழுங்கிவிட்டது, கொல்லரிடம் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. தோண்டிய கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, இலையெல்லாம் நறுக்கி, கிணற்றடியில் திரும்ப நட்டிருக்கிறேன்.