மின்தடை நாளுக்கு முன்னால் /பூட்டைப் பாருங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகள், கோவை கணபதி, பீளமேடு பக்கத்துப் பம்பு, மோட்டார் யூனிட்டுகள், கரூர் ஏற்றுமதி அலுவலகங்கள் ஆகியவற்றில் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வர்கள், ஒருமுறை அமைத்துவிட்டால் வருடக்கணக்கில் யாரும் தொடாதவை. கணக்கு, ஸ்டாக், வருகைப் பதிவு என்று ஏதாவது ஒன்று அதில் இருக்கும். நிறுத்தினால் வேலை நிற்கும் என்பதால் ரீபூட் செய்ய யாருக்கும் மனம் வராது. துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் என்று நாளிதழில் அறிவிப்பு வருகிறதே, பல இடங்களில் அந்த நாளில்தான் சர்வர் அணைந்து மறுபடி எழுகிறது.

மாலையில் அழைப்பு வரும். "ஏனுங்ணா, கரண்டு வந்துருச்சுங்க, சர்வர் மட்டும் எந்திரிக்க மாட்டேங்குதுங்க." யுபிஎஸ் போயிருக்கும், ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் 'கர்னல் பேனிக்', 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' (லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை இணைக்க முடியவில்லை) என்று நிற்கும். பழுது அன்றைக்கு வந்ததல்ல. சில வாரங்களுக்கு முன்பே, சர்வர் எழத் தேவையான கோப்புகள் இருக்கும் /பூட் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் ஒரு தனிப் பகுதி) இடமில்லாமல், லினக்ஸின் மையமான கர்னலின் அப்டேட் ஒன்று பாதியில் நின்றிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் நினைவகத்தில் இருப்பதால் அதுவரை எதுவும் வெளியே தெரிந்திருக்காது.

பாதியில் நிற்பது எப்படி என்று பார்க்க, டெபியன், உபுண்டு வகையில் கர்னல் பேக்கேஜ் இறங்கும் வரிசை தெரிய வேண்டும். முதலில் கர்னலின் கோப்பான 'விஎம்லினஸ்' /பூட்டில் வந்து அமர்கிறது. அதன்பின் /எட்சி/கர்னல்/போஸ்ட்இன்ஸ்ட்.டி அடைவில் உள்ள ஸ்கிரிப்டுகள் பெயர் வரிசைப்படி ஓடுகின்றன. 'இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்' என்ற ஸ்கிரிப்ட் இனிட்ஆர்டியை (இனிட்ராம்எஃப்எஸ் என்பதும் இதுவே; எழும்போது கர்னலுக்கு முதலில் வேண்டிய டிரைவர்கள் அடங்கிய கோப்பு) உருவாக்குகிறது. கடைசியில் 'இசட்இசட்-அப்டேட்-கிரப்' கிரப்பின் மெனுவை, அதாவது எந்தக் கர்னலை எழுப்புவது என்ற பட்டியலை, எழுதுகிறது. இனிட்ஆர்டிதான் பெரிய கோப்பு என்பதால் இடம் தீர்வது பெரும்பாலும் அங்கேதான். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று சொல்லி அந்த ஸ்கிரிப்ட் நிற்கும். அதற்குப் பின்னுள்ளவை ஓடா. கிரப் மெனுவில் புதுக் கர்னல் அப்போது சேர்ந்திருக்காது என்பதால் உடனடி ஆபத்து இல்லை. ஆனால் சில நாள் கழித்து வேறொரு காரணத்துக்காக அப்டேட்-கிரப் ஓடினால், அது விஎம்லினஸைக் கண்டு, இனிட்ஆர்டி இல்லாமலேயே ஒரு வரியை எழுதிவிடும். புதிய எண் என்பதால் அதுவே முதல் தேர்வாகவும் ஆகும். எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் அடுக்கு), ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாக்குவது), என்விஎம்இ டிஸ்க் எதற்கான டிரைவரும் கையில் இல்லாமல் எழும் கர்னலுக்கு ரூட் பார்ட்டிஷன் எங்கே என்று தெரியாது. அந்த பேனிக் இப்படித்தான் வருகிறது.

ரெட் ஹேட் வகையில் இது இன்னும் சத்தமில்லாமல் நடக்கும். அங்கே பேக்கேஜ்களைக் கையாளும் ஆர்பிஎம், நிறுவும் முன்பு இடத்தைச் சோதிக்கும்தான். ஆனால் இனிட்ராம்எஃப்எஸ் எவ்வளவு வரும் என்பது அதற்கு ஒரு தோராயம்தான். உண்மைக் கோப்பு அதைத் தாண்டினால், அதை உருவாக்கும் கருவியான டிராகட் கடைசிக் கட்டத்தில் தோற்கும். பேக்கேஜ் மட்டும் நிறுவப்பட்டதாகப் பதிவாகிவிடும். அப்டேட் கட்டளையான 'டிஎன்எஃப்' வெளியீட்டின் நடுவில் கிடக்கும் எச்சரிக்கை வரியை யாராவது படித்திருந்தால்தான் உண்டு.

இனி அளவுகள். இன்றைய உபுண்டுவில் ஒரு கர்னலுக்கு விஎம்லினஸ் சுமார் 11 முதல் 15 எம்பி, சிஸ்டம்.மேப் 6 முதல் 9 எம்பி, கான்ஃபிக் கால் எம்பி சொச்சம். இனிட்ஆர்டி மட்டும் 60 எம்பியிலிருந்து 120 எம்பி வரை போகும். கிராபிக்ஸ் ஃபர்ம்வேர் உள்ளே போனால் அதற்கும் மேலே. ஆக, ஒரு செட்டுக்கு 100 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஓடுகிற கர்னல், அதற்கு முந்தையது, புதிதாக இறங்குவது என்று மூன்று செட் 300 எம்பி. இத்துடன் கிரப் அடைவு கொஞ்சம். 500 எம்பி பார்ட்டிஷன் போதுமே என்று தோன்றும். செட் பெரிதாகிவிட்டால் அதுவும் போதாமல் போவதற்குக் காரணம், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் பழைய கோப்பின் மேல் நேரடியாக எழுதுவதில்லை, '.நியூ' என்ற பெயரில் முழுதாக எழுதி முடித்த பிறகே பழையதை மாற்றுகிறது. புது நூல் மூட்டை உள்ளே இறங்கிய பிறகுதான் பழையது வெளியேறும் குடோன் மாதிரி, அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு இனிட்ஆர்டி அளவு இடம் உபரியாக இருந்தே ஆக வேண்டும். பத்து வருடம் முன்பு எல்விஎம்முடன் நிறுவிய சர்வர்களில் /பூட் 250 எம்பிக்கும் குறைவாக இருப்பது சாதாரணம். அன்றைய இனிட்ஆர்டிக்கு அது போதும். இன்றைக்கு இரண்டு கர்னல் வைக்கவே திணறும்.

இப்படிப்பட்ட சர்வர் கைக்கு வந்தால் எதையும் அழிக்கும் முன் நான்கு கட்டளை போட வேண்டும். /பூட் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று காட்டும் 'ஃபைண்ட்எம்என்டி /பூட்' முதலில். இதைப் பலரும் தவிர்க்கிறார்கள், ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். எழும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான /எட்சி/எஃப்ஸ்டேபில் 'நோஃபெயில்' (கிடைக்காவிட்டாலும் நிற்காதே) போட்டிருந்து, ஏதோ காரணத்தால் /பூட் மவுண்ட் ஆகாமல் போயிருந்தால், அதன்பின் வந்த கர்னல்கள் எல்லாம் ரூட் பார்ட்டிஷனில் உள்ள வெறும் /பூட் அடைவில் எழுதப்பட்டிருக்கும். அப்டேட் வெற்றி என்று வரும். எத்தனை முறை ரீபூட் செய்தாலும் பழைய கர்னலே எழும். அடுத்து, மீதி இடத்தைக் காட்டும் 'டிஎஃப் -எச் /பூட்'. மூன்றாவது 'யூநேம் -ஆர்': இப்போது ஓடும் கர்னலின் எண். இதைத் தாளில் எழுதி வையுங்கள், அழிக்கக் கூடாத எண் அது. நான்காவது 'டிபிகேஜி -எல்' கொண்டு லினக்ஸ்-இமேஜ் பேக்கேஜ்களின் பட்டியல். முதல் நெடுவரிசையில் 'ஐஐ' என்றிருப்பவை முழுமையாக நிறுவப்பட்டவை. 'ஆர்சி' என்றிருப்பவை ஏற்கெனவே நீக்கப்பட்டு, அமைப்புக் கோப்புகளின் மிச்சம் மட்டும் உள்ளவை, அவற்றால் இடம் பெரிதாகக் கிடைக்காது. 'ஐஎஃப்' என்றிருப்பதுதான் பாதியில் நின்றது.

/பூட்டுக்குள் போய் 'ஆர்எம்' கொண்டு பழைய கோப்புகளை அழிப்பது எல்லோரும் செய்வது. இடம் கிடைக்கும், அன்றைய வேலையும் முடியும். ஆனால் பேக்கேஜ் கணக்கில் அந்தக் கர்னல் இன்னும் இருக்கிறது. பின்னொரு நாள் எல்லாக் கர்னல்களுக்கும் இனிட்ஆர்டியைப் புதுப்பிக்கும் வேலை வந்தால், அழித்தது திரும்ப வந்து நிற்கலாம். /லிப்/மாட்யூல்ஸில் அதன் டிரைவர்கள் நூற்றுக்கணக்கான எம்பியுடன் கிடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, அவசரத்தில் எண்ணைத் தவறாகப் படித்து ஓடும் கர்னலின் கோப்பையே அழிப்பது. அன்றைக்கு எதுவும் ஆகாது. அடுத்த மின்தடை நாளில்தான் தெரியும்.

பேக்கேஜ் கருவி வழியாகவே போகலாம். 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' முதல் முயற்சி. ஏற்கெனவே ஒரு கர்னல் பாதியில் நின்றிருந்தால், சார்புகள் உடைந்திருக்கின்றன என்று ஆப்ட் மறுக்கும். 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்' போடச் சொல்லும். அதைப் போட்டால் இடமில்லை என்று நிற்கும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஆப்டை விட்டு டிபிகேஜிக்கு இறங்க வேண்டும். ஓடாத, மிகப் பழைய எண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'டிபிகேஜி --பர்ஜ்' உடன் அதன் லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-மாட்யூல்ஸ், லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பேக்கேஜ்களை ஒரே கட்டளையில் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நீக்க விடாது. அதுவும் முடியாத அளவுக்கு நிரம்பியிருந்தால், பழைய கர்னலின் இனிட்ஆர்டி ஒன்றை மட்டும் 'எம்வி' செய்து /ரூட் அடைவுக்கு மாற்றுங்கள். நகர்த்தியதைத் திரும்ப வைக்கலாம், அழித்ததை முடியாது. இடம் வந்ததும் 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', பிறகு 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்', பிறகு ஆட்டோரிமூவ், கடைசியில் அப்டேட்-கிரப். முடிந்ததும் /பூட்டைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு விஎம்லினஸுக்கும் அதே எண்ணில் ஒரு இனிட்ஆர்டி இருக்கிறதா, அதன் அளவு மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பூஜ்ய பைட்டில் ஒரு கோப்பு இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

ரெட் ஹேட் வகையில் 'டிஎன்எஃப் ரிமூவ் --ஓல்டுஇன்ஸ்டால்ஒன்லி'; பழைய சென்ட்ஓஎஸ் 7 என்றால் யம்-யூட்டில்ஸில் உள்ள 'பேக்கேஜ்-கிளீன்அப் --ஓல்டுகர்னல்ஸ் --கவுண்ட்=2'. நிரந்தரத்துக்கு /எட்சி/டிஎன்எஃப்/டிஎன்எஃப்.கான்ஃப் கோப்பில் 'இன்ஸ்டால்ஒன்லி_லிமிட்' 3 என்றிருப்பதை 2 ஆக்கலாம். தோற்ற இனிட்ராம்எஃப்எஸ்ஸை 'டிராகட் -எஃப்' கொண்டு மறுபடி உருவாக்கும்போது கர்னல் எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஓடும் கர்னலுக்கே உருவாக்கிவிட்டு, புதியதை அப்படியே விட்டுவிடும்.

ஆட்டோரிமூவ் தானாக ஓடியும் இடம் நிரம்புகிறதென்றால் சில இடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கையால் நிறுவிய கர்னல்கள் 'மேனுவல்' என்று குறிக்கப்பட்டிருக்கும். ஆட்டோரிமூவ் அவற்றைத் தொடாது. 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' அவற்றைக் காட்டும், 'ஆப்ட்-மார்க் ஆட்டோ' சரிசெய்யும். லினக்ஸ்-ஜெனரிக், எச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்கான கர்னல் வரிசை) என்று புதுக் கர்னலை இழுத்து வரும் இரண்டு மெட்டா பேக்கேஜும் சேர்ந்திருந்தால் இரண்டு வரிசையில் கர்னல்கள் வந்துகொண்டே இருக்கும், ஒன்றை விடுங்கள். டிகேஎம்எஸ் (கர்னலோடு வராத டிரைவர்களை ஒவ்வொரு கர்னலுக்கும் உருவாக்கும் கருவி) பயன்படுத்தும் சர்வர்களில் '.ஓல்டு-டிகேஎம்எஸ்' என்று முடியும் இனிட்ஆர்டி நகல்கள் கிடக்கலாம். அவை எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை, இவற்றைத் தாராளமாக 'ஆர்எம்' செய்யலாம். மாதக்கணக்கில் ரீபூட் ஆகாததும் ஒரு காரணம்தான்: ஓடும் பழைய கர்னலை ஆட்டோரிமூவ் காப்பாற்றியே தீரும், அதனால் எப்போதும் ஒரு செட் கூடுதலாக உட்கார்ந்திருக்கும்.

'டியூன்2எஃப்எஸ் -எம் 0' போட்டு இஎக்ஸ்டி4 ஒதுக்கிவைத்த 5 சதவீதத்தை மீட்கலாம் என்ற யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. டிஎஃப் காட்டும் மீதி கூடும், உண்மைதான். ஆனால் அந்த ஒதுக்கீடு ரூட் பயனருக்கானது. ஆப்ட் ஓடுவதே ரூட்டாகத்தான். அப்டேட்டுக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த இடம்தான் அது. இதனால் தோற்ற அப்டேட் ஒன்றும் தேறாது.

இனிட்ஆர்டியின் அளவைக் குறைப்பது உண்மையிலேயே பலன் தரும். /எட்சி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' என்பதை 'டெப்' ஆக்கினால், அந்த இயந்திரத்துக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும்; அளவு பாதிக்கும் கீழே வருவது உண்டு. விலையும் உண்டு. மதர்போர்டு எரிந்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் எழாமல் போகலாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் நம் தொழிற்பேட்டைகளில் அப்படி மாற்றி மாட்டுவது அரிதல்ல. எனவே கடை, அலுவலகச் சர்வர்களுக்கு 'மோஸ்ட்' இருக்கட்டும், சுருக்கும் முறையை மாற்றுங்கள் என்பேன். உபுண்டு 19.10 முதல் எல்இசட்4, 21.10 முதல் இசட்-ஸ்டாண்டர்டு இயல்பாக வருகிறது. எல்இசட்4 வேகமானது, ஆனால் கோப்பு பெரிது. 'கம்ப்ரஸ்=எக்ஸ்இசட்' போட்டால் கணிசமாகச் சுருங்கும்; பூட் ஆகும்போது சில விநாடி கூடும், அப்டேட்டும் நேரம் பிடிக்கும். மாற்றியதும் முதலில் பழைய கர்னல் ஒன்றுக்கு மட்டும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே' போட்டு அளவைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போட்டு, தவறாகப் போனால், திரும்பி நிற்கக் கர்னல் இருக்காது.

இத்தனையும் எந்த நாளில் செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்குச் சர்வரில் கை வைக்கக் கூடாது. மின்தடை அறிவிப்பு வந்ததும், அதற்கு முந்தைய நாள் மாலை, ஷிப்ட் மாறும் நேரத்தில், திரைக்கு முன்னால் ஒருவர் இருக்கும்போதே ரீபூட் செய்துவிடுங்கள். எழாவிட்டால் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். வேலை மறுபடி ஓடும், பழுதை நிதானமாகப் பார்க்கலாம். மெனு தெரியவில்லையென்றால் பயாஸ் முறையில் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஒருமுறை தட்ட வேண்டும். இதை அந்த யூனிட்டில் உள்ள ஒருவருக்காவது முன்கூட்டியே செய்து காட்டி வையுங்கள்.

250 எம்பி பார்ட்டிஷனில் இவையெல்லாம் தற்காலிகம்தான். அதைப் பெரிதாக்குவது எளிதல்ல, ஏனென்றால் /பூட் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும், அதையொட்டியே எல்விஎம் தொடங்கும். ரூட் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையில் இருந்தால் சுருக்கவே முடியாது. என் தேர்வு, ரூட் குறியாக்கம் செய்யப்படாமல், சாதாரண எல்விஎம்மில் இருந்தால், தனி /பூட்டையே விட்டுவிடுவது. கிரப் 2 எல்விஎம்மைப் படிக்கும். எல்விஎம் தின் வால்யூமை (இடத்தை முன்கூட்டியே ஒதுக்காத வகை) படிக்காது, அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். /பூட்டின் உள்ளடக்கத்தை 'சிபி -ஏ' கொண்டு ரூட்டில் ஒரு தற்காலிக அடைவுக்கு நகலெடுத்து, /பூட்/ஈஎஃப்ஐ இருந்தால் அதையும் பின் /பூட்டையும் அன்மவுண்ட் செய்து, நகலை வெறும் /பூட் அடைவுக்குள் மாற்றி, எஃப்ஸ்டேபில் /பூட் வரியைக் குறிப்பாக்கி, ஈஎஃப்ஐயைத் திரும்ப மவுண்ட் செய்து, கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் ஓட்ட வேண்டும். கிரப்-இன்ஸ்டாலை விட்டால், கிரப் பழைய பார்ட்டிஷனின் மெனுவையே படித்துக்கொண்டிருக்கும்.

டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இந்த வழி வேண்டாம். லினக்ஸின் டிஸ்க் குறியாக்க முறையான லக்ஸ்2வைக் கிரப் முழுமையாகக் கையாள்வதில்லை. அங்கே காப்புப் பிரதி எடுத்து, /பூட்டுக்கு 2 ஜிபி கொடுத்து மறுபடி நிறுவுவதே நேரம் மிச்சம். ரெட் ஹேட்டும் குறைந்தது 1 ஜிபி வைக்கச் சொல்கிறது. எந்த வழியில் போனாலும், புது அமைப்பு மின்சாரத்தை முழுதாக அணைத்து ஒருமுறை எழுந்துவிட்டதைப் பார்க்கும் வரை பழைய /பூட் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்ய வேண்டாம்.