ஏற்றத்தில் இழுவை இழந்த பழைய டீசல் லாரி: பழுதைத் தேடிக் கண்டறிந்த அனுபவம்

நான் பராமரித்துவரும் லாரி மிகப் பழையது. அதன் எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாடு என்று எதுவும் கிடையாது. டீசலை உயர் அழுத்தத்தில் சிலிண்டர்களுக்கு அனுப்பும் வரிசை வகை டீசல் பம்ப், அதன் பக்கவாட்டில் பொருத்திய, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்ப், இரண்டு டீசல் ஃபில்டர்கள், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் ஒரு டர்போ ஆகியவற்றைக் கொண்டு முழுவதும் இயந்திர முறையில் ஓடும் வண்டி அது. பழுது வந்தால் ஸ்கேனரை இணைத்துக் குறியீட்டைப் பார்த்துவிட வழியில்லை. வண்டி காட்டும் அறிகுறிகளைக் கூர்ந்து கவனித்து, அவற்றுக்கு என்ன காரணம் இருக்கக்கூடும் என்று பொறுமையாக யோசிப்பது ஒன்றே வழி.

லோடு இல்லாமல் ஓடும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. முழு லோடுடன் நீண்ட ஏற்றத்தில் ஏறும்போது முதல் சில நிமிடங்கள் நன்றாக இழுத்துக்கொண்டு போகும். பிறகு ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்திருந்தாலும் இழுவை படிப்படியாகக் குறைந்து, கியரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் ஐட்லிங்கில் விட்டால் எதுவுமே நடக்காததுபோல மீண்டும் இழுக்கும். டேங்கில் டீசல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் இந்தத் தொல்லை இன்னும் விரைவில் தொடங்கியது. இவற்றோடு, இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்பான ஹேண்ட் பிரைமரைச் சில முறை அடித்தால் உடனே பிடித்துக்கொண்டது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான அறிகுறி புகைக்குழாயில் இருந்தது. இழுவை குறையும் நேரத்தில் புகையே வரவில்லை. டீசல் எஞ்சினில் கரும்புகை என்றால், செல்லும் டீசலை எரிக்கப் போதிய காற்று கிடைக்கவில்லை என்று பொருள்; ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ பழுது, காற்றுக் குழாயில் கசிவு ஆகியவற்றை அப்போது தேட வேண்டும். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். வெண்புகை பெரும்பாலும் எரியாமல் வெளியேறும் டீசல். டைமிங் (டீசல் தெளிக்கப்படும் நேரம்), நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முனை), கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுந்துவது) ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். முழு ஆக்சிலரேட்டரில், முழு லோடில், புகைக்குழாய் சுத்தமாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால், எஞ்சினுக்கு வர வேண்டிய டீசல் வரவில்லை என்பதே முதலில் எழ வேண்டிய எண்ணம்.

ஆனாலும் டீசல் வழியில் கை வைப்பதற்கு முன் எளிய காரணங்களை விலக்கிவிட்டேன். ஒருவர் கேபினில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்திருக்க, பம்பில் உள்ள லீவர் அதன் முழு எல்லைவரை போகிறதா என்று பார்த்தேன், போனது. புகைக்குழாயை மூடி வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு முழுமையாகத் திறந்தது. ஓடி நின்றவுடன் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனதில் எந்தச் சக்கரத்திலும் தனியாகச் சூடு இல்லை, ஆகவே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஏர் ஃபில்டரும் நல்ல நிலையில் இருந்தது.

வண்டியைப் பார்த்த ஒரு பட்டறையில் டீசல் பம்பைக் கழற்றிக் காலிபரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிசெய்ய) அனுப்ப வேண்டும் என்றார்கள். மற்றொருவர் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றின் அழுத்தம், குறைவாக இருப்பதைக் காட்டி டர்போவை மாற்றச் சொன்னார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. டர்போ சுழல்வது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தாலும் வேகத்தாலும்தான்; எரியும் டீசல் குறைந்தால் அந்தச் சக்தியும் குறையும், பூஸ்டும் தானாக இறங்கும். அதாவது, குறைந்த பூஸ்ட் டீசல் தட்டுப்பாட்டின் விளைவாகவும் இருக்கலாம். பம்பைப் பொறுத்தவரை, தேய்ந்துபோன பம்ப் ஐந்து நிமிட ஓய்வில் குணமாகிவிடாது. நேரம் கழித்து வந்து, ஓய்வு கொடுத்தால் மறையும் பழுது, பம்புக்கு டீசல் வந்து சேரும் வழியில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஃபில்டர்களை மாற்றியதில் தொல்லை சில காலம் மட்டும் தணிந்து மீண்டும் வந்தது. பழைய ஃபில்டரை அறுத்துப் பிரித்துப் பார்த்தபோது, காகித மடிப்புகளில் துருத்தூளும் கருத்த வழவழப்பான பசையும் படிந்திருந்தன. டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால், அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி இப்படிப்பட்ட பசையை உண்டாக்கும். டேங்கின் வடிகால் மூடியைத் திறந்தபோது முதலில் தண்ணீர்தான் வந்தது. டேங்க் அசுத்தமாக இருப்பது உறுதியாயிற்று. ஆனால் புது ஃபில்டர் போட்ட பிறகும் பழுது திரும்பி வந்ததற்கு அது மட்டுமே காரணமா என்பது தெளிவாகவில்லை.

அளந்து பார்க்காமல் மேலே போகக் கூடாது என்று முடிவு செய்து, இரண்டாம் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு பிரஷர் கேஜையும், டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் குழாயில் உறிஞ்சலின் வலுவைக் காட்டும் ஒரு வேக்கம் கேஜையும் பொருத்தினேன். இவ்வகை ஃபீட் பம்புகள் பொதுவாக 1 முதல் 2 பார்வரை அழுத்தம் தரும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். நின்ற இடத்தில் எஞ்சினை முடுக்கியபோது இரண்டு கேஜ்களும் சரியான அளவையே காட்டின. லோடுடன் ஏற்றத்தில் ஏறும்போதோ, வேக்கம் மெல்ல மெல்ல உயர, அதே வேகத்தில் பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது; இழுவை விட்டுப்போன தருணத்தில் பிரஷர் கேஜின் முள் ஏறக்குறைய பூஜ்யத்தைத் தொட்டது. டீசல் தட்டுப்பாடு என்பதும், அது ஃபீட் பம்புக்கு முன்னால் இருக்கிறது என்பதும் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிட்டன. ஃபீட் பம்புக்குப் பின்னால் உள்ள ஃபில்டர் அடைபட்டிருந்தால் வேக்கம் இப்படி உயர்ந்திருக்காது. ஃபீட் பம்ப் பலவீனமாக இருந்தாலும் உயர்ந்திருக்காது. வலுவாக உறிஞ்சியும் டீசல் வராததால்தான் அது உயர்ந்தது.

இதை இன்னொரு வழியிலும் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினேன். ஒரு சுத்தமான கேனில் டீசல் நிரப்பி, புகைக்குழாயிலிருந்தும் டர்போவிலிருந்தும் விலகிய இடத்தில் அசையாதபடி கட்டி, டேங்கிலிருந்து வரும் குழாயை ஃபீட் பம்பிலிருந்து பிரித்து, அந்த இடத்தில் கேனிலிருந்து வரும் ஒரு தனிக் குழாயை இணைத்தேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குத் திருப்ப வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எஞ்சின் எரிப்பது போக மிஞ்சும் டீசல் பம்பிலிருந்து அந்தக் குழாய் வழியாகத் திரும்பி வரும். ரிட்டர்ன் டேங்குக்கே போய்க்கொண்டிருந்தால் கேன் எதிர்பாராத வேகத்தில் காலியாகி, சோதனை தவறான முடிவைத் தந்துவிடும். கேனின் மூடியில் காற்று உள்ளே செல்ல ஒரு சிறு துளையும் தேவை. இந்த ஏற்பாட்டுடன் அதே லோடு, அதே ஏற்றம்: இழுவை கடைசிவரை குறையவே இல்லை. பம்ப், நாசில், டர்போ மூன்றும் அந்தத் தொல்லைக்குப் பொறுப்பல்ல என்று ஆகிவிட்டது. பழைய லாரிகளில் இழுவைக் குறையைத் தேடும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். பெரும் செலவு வைக்கக்கூடிய பாகங்களை ஒரு பக்கத்திலும், டேங்கையும் குழாயையும் மறுபக்கத்திலும் இது தெளிவாகப் பிரித்துவிடுகிறது.

மிச்சமிருந்தவை டேங்க் மூடியின் காற்றுத் துளை, டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயும் அதன் சல்லடையும், அங்கிருந்து ஃபீட் பம்புவரை வரும் குழாய்கள் ஆகியவைதாம். மூடியின் துளை அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி இதே அறிகுறிகள் தோன்றும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டியும் மாற்றம் இல்லாததால் அதை விலக்கினேன். உறிஞ்சு குழாயைக் கழற்றியதில் சல்லடையின் பாதி அந்தக் கரும்பசையால் மூடியிருந்தது. இதுவே போதுமான காரணம் என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு அடைபட்ட சல்லடை விளக்கம் ஆகாது. இரவில் டீசல் குழாயிலிருந்து டேங்குக்கே இறங்கிவிடுகிறது என்றால், எங்கோ காற்று உள்ளே நுழைகிறது என்றே கொள்ள வேண்டும்.

உறிஞ்சும் பக்கத்தில் உள்ள ஓட்டையைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால், டீசல் வெளியே கசிவதில்லை, காற்றுதான் உள்ளே போகிறது. டீசல் மட்டம் தாழத் தாழ அதை மேலே இழுக்க அதிக வெற்றிடம் தேவைப்படுவதால் காற்று நுழைவதும் கூடும். டேங்க் பாதிக்குக் கீழே போனால் தொல்லை விரைவில் வந்ததற்கு விளக்கம் இதுதான். உள்ளே போகும் காற்று இழுவையைக் கெடுப்பதற்கும் தெளிவான காரணம் உண்டு. இயந்திர முறை நாசில்கள் 200 பார் அளவிலான அழுத்தத்தில்தான் திறக்கும். டீசல் எளிதில் சுருங்காது, ஆனால் காற்றுக் குமிழி சுருங்கிவிடும், ஆகவே பம்ப் தரும் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே வீணாகி நாசிலுக்குப் போதிய டீசல் போய்ச் சேராது.

ஃபீட் பம்புக்குச் சற்று முன்னால் ஒரு துண்டு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை இணைத்துப் பார்த்ததில் சிறு குமிழிகள் தொடர்ந்து ஓடின. அந்த இணைப்பிலிருந்து டேங்கை நோக்கி ஒவ்வொரு கட்டமாகப் பின்னுக்கு நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனபோது, சேசிஸோடு சேர்த்துப் பிடித்திருந்த ஒரு கிளாம்புக்கு அடியில் இரும்புக் குழாய் உராய்ந்து, துருப்பிடித்து, ஊசி முனை அளவு துளை விழுந்திருப்பது தெரிந்தது. வெளியே ஈரம்கூட இல்லை.

அந்த இரும்புக் குழாயையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் ஹோஸில்தான் முக்கியமான பழுது இருந்தது. வெளியே பார்க்க வெடிப்பு ஏதுமின்றி நன்றாகவே இருந்த அந்த ஹோஸை நீளவாக்கில் வெட்டிப் பிரித்தபோது, உட்புற ரப்பர் அடுக்கு ஓரிடத்தில் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. குறைந்த அளவில் டீசல் போகும்போது அந்த உரிந்த பகுதி ஓரமாக ஒட்டிக்கிடக்கும். முழு லோடில் உறிஞ்சல் கூடும்போது, ஒருவழிக் கதவு சாத்திக்கொள்வதுபோல அது குழாயின் வழியை அடைத்துக்கொள்ளும். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டதும் இழுப்பு குறைந்து வழி மீண்டும் திறக்கும். ஓய்வு கொடுத்தால் வண்டி இழுத்ததற்கான காரணம் இதைப் பார்த்ததும் முழுமையாகப் புரிந்தது. வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தோ, காற்றை ஊதிப் பார்த்தோ இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது; டேங்கை நோக்கி ஊதும் காற்று அந்த மடிப்பைத் திறந்துவிடும். ஆகவே வயதான வண்டியில் டீசல் ரப்பர் ஹோஸ்களைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதை நான் நம்புவதில்லை. டீசலுக்கென்று தயாரித்த புதிய ஹோஸ்களை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது.

டேங்கை இறக்கிக் கழுவி உலர்த்தி, இரும்புக் குழாயையும் எல்லா ஹோஸ்களையும் மாற்றி, குழாய்களை இணைக்கும், கழற்றிய ஒவ்வொரு பேஞ்சோ போல்டுக்கும் புது காப்பர் வாஷர்கள் போட்டு, பிரைமரை அடித்துக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றினேன். அதன்பிறகு ஏற்றத்தில் இரண்டு கேஜ்களும் நிலையாக நின்றன. காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது.

ஆனால் குளிர்ந்த எஞ்சின் சிறிது நேரம் ஒழுங்கற்று அதிர்ந்து லேசான வெண்புகை விடுவது மட்டும் எஞ்சியிருந்தது. ஐட்லிங்கில், ஒவ்வொரு நாசிலுக்கும் செல்லும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி, எந்தச் சிலிண்டரில் எஞ்சினின் ஓசை மாறவில்லை என்று கவனித்தால், வேலை செய்யாத சிலிண்டர் பிடிபடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பீறிடும் டீசலில் கை படாமல் இதைச் செய்ய வேண்டும். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறிய புள்ளிபோலத் தெரிந்தாலும் அது உடனே அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அவசர நிலை. எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் போகக்கூடும் என்பதால் அவற்றில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. என் வண்டியில் ஒரு நாசில் தூறலாகத் தெளிக்காமல் சொட்டிக்கொண்டிருந்தது சோதனை மேடையில் உறுதியானது. அதை மாற்றி, மற்றவற்றின் திறக்கும் அழுத்தத்தையும் சரிசெய்த பிறகு அதிர்வும் வெண்புகையும் நின்றன.

டேங்கைக் கழுவிய பிறகும் மூலை முடுக்குகளில் துரு மிச்சமிருக்கும் என்பதால், அடுத்த ஃபில்டர்களை வழக்கமான இடைவெளிக்குக் காத்திராமல் முன்கூட்டியே மாற்றி, பழையவற்றை மீண்டும் அறுத்துப் பார்த்தேன். சிறிது துருத்தூள் இருந்தது, பசை இல்லை. இப்போது ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை அடிக்கடி வடித்துவிடுகிறேன். வண்டியை நீண்ட நேரம் நிறுத்துவதற்கு முன் டேங்கை நிரப்பி வைக்கிறேன், காரணம் டேங்கில் காலி இடம் குறைந்தால் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராக மாறுவதும் குறையும். வேக்கம் கேஜைக் கழற்றவில்லை; அது கேபினில் நிரந்தரமாகவே இருக்கிறது.