டெனர் சாக்ஸபோனுக்கும் கான்செர்ட் பேண்டுக்கும் ஒரு பேலட்

மார்ச் 4

‘பாடி அண்ட் சோல்’ என்ற மெதுவான காதல் பாடலை, அதாவது பேலடை, தனி டெனர் சாக்ஸபோனுக்கும், காற்றுக்கருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்த கான்செர்ட் பேண்டுக்குமாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஜானி கிரீன் 1930-இல் இசையமைத்த இப்பாடலை டெனர் கலைஞர்களின் உரைகல்லாக்கியது, 1939 அக்டோபர் 11 அன்று கோல்மன் ஹாக்கின்ஸ் நியூயார்க்கில் செய்த ஒலிப்பதிவு. மூல மெட்டைத் தொடக்கத்தில் தொட்டுக்காட்டிவிட்டு, மீதியை முழுவதும் கார்டுகளின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளின்) மேல் தம் கற்பனையாலேயே அவர் வளர்த்துச் செல்ல, பின்னணிக் குழு நீண்ட சுரங்களைப் பிடித்துத் தருவதோடு நின்றுகொள்கிறது. அந்த அடக்கத்தைப் பெரிய பேண்டிடம் எழுத்தின் மூலமாகவே பெற்றுவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

மார்ச் 7

டெனரின் நடுப்பகுதி ஒலிக்கும் அதே உயரத்தில்தான் பித்தளைக் கருவிகளான யூஃபோனியமும் ஹார்ன்களும் கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்களும் ஒலிக்கின்றன. மென்மையாக வாசிக்கச் சொல்லிக் குறியிட்டால் மட்டும் போதாது. டெனர் பாடும் இடத்திலிருந்து மற்றவை விலகியே இருக்க வேண்டும். ஆகவே முதல் எட்டு பார்களில் (தாள அளவுகளில்) யூஃபோனியத்துக்கு ஓய்வு கொடுத்து, ஹார்மனியை மேலே புல்லாங்குழல்களுக்கும் கீழே பேஸ் கிளாரினெட், டியூபா இரண்டுக்கும் பகிர்ந்தேன். கீழ்ச்சுரம் அறுபடாதிருக்க, இவ்விருவரும் மாறி மாறி மூச்செடுக்கும் இடங்களையும் குறித்துவிட்டேன்.

மார்ச் 12

இன்று முழுவதும் பிரிட்ஜிலேயே, அதாவது பாடலின் நடுவில் வரும் மாறுபட்ட பகுதியிலேயே, கழிந்தது. டி ஃபிளாட் மேஜரில் நடக்கும் பாடல் இங்கே நான்கு பார்கள் டி மேஜருக்கு ஏறி, அடுத்து சி மேஜருக்கு இறங்குகிறது. கேட்பவருக்கு ஜன்னல் திறந்தது போன்ற அந்த ஏற்றம், வாசிப்பவர்களில் பலருக்குக் கடினமானது. சில கருவிகளுக்குத் தாளில் எழுதும் சுரம் வேறு, ஒலிக்கும் சுரம் வேறு என்பதால், பி ஃபிளாட் கிளாரினெட்டின் தாளில் அது நான்கு ஷார்ப்புகள் (சுரத்தை அரைச்சுரம் உயர்த்தும் குறிகள்), ஆல்டோ சாக்ஸபோனின் தாளில் ஐந்து. இதற்காகப் பாடலின் ஸ்கேலையே மாற்றிவிடுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் டெனரின் குரல் இந்தப் பாடலில் இந்த ஸ்கேலில்தான் முழுமையாக மலர்கிறது. இரண்டே ஷார்ப்புகளோடு வாசிக்கும் புல்லாங்குழல், பசூன், டிராம்போன் ஆகியோரிடம் டி மேஜரை ஒப்படைத்து, சி மேஜர் வந்ததும் கிளாரினெட்டுகளை உள்ளே அழைத்தேன். அப்போது அவர்களுக்கும் இரண்டே ஷார்ப்புகள். ஸ்கேலோடு நிறமும் மாறுகிறது. பிரிட்ஜின் முடிவில் கார்டுகள் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கித் தொடக்கத்தை அடையும் இடத்தில் மட்டும் ஹார்ன்கள் சேர்கின்றன.

மார்ச் 20

முதல் ஒத்திகை. டெனர் தெளிவாகக் கேட்டது. தாளத்துக்கு டிரம்மில் குச்சிக்குப் பதில் பிரஷ் போதும்.

மார்ச் 23

இரண்டாம் சுற்றில் தனிக்கலைஞருக்குக் கார்டுகளின் பெயர்களை மட்டும் தருவதா, முழுச் சுரங்களையும் எழுதித் தருவதா என்று யோசித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட முடிவு செய்தேன். கற்பனையாக வாசிக்கப் பழகாதவரும் இந்தப் பாடலை மேடையேற்ற வேண்டும். பழகியவருக்கு என் சுரங்கள் தடையாகவும் கூடாது. இறுதியில் தாளமின்றி அவர் தனித்து வாசிக்கும் பகுதிக்கு அளவு எதுவும் குறிக்கவில்லை. அவர் கடைசி எஃப் சுரத்தில் நின்ற பிறகே நடத்துனர் பேண்டை அழைக்க வேண்டும் என்று இருவரின் தாள்களிலும் எழுதியிருக்கிறேன்.