பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

ஓய்வூதியர் சங்கம் ஒன்றில் உறுப்பினர் பதிவேடு என் பொறுப்பு. பதிவேட்டைக் கணினியில் ஏற்றித் தந்த நிறுவனத்திலிருந்து தகவல் திருடுபோனது தெரிந்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “பாஸ்வேர்டை மாத்திட்டா போதுமா?” போதாது. போனது பிறந்த தேதி, ஓய்வு பெற்ற துறை, நாமினி பெயர். இவற்றை எப்படி மாற்றுவது?

ஆரம்பத்தில் எல்லோரும் உஷாராக இருந்தார்கள். தெரியாத எண் என்றால் எடுக்கவே இல்லை. அப்போது பெரிதாக எதுவும் வரவுமில்லை. வந்தது நவம்பரில், மத்திய அரசு ஓய்வூதியர்கள் லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருப்பதற்கான சான்று, கொடுக்கும் மாதத்தில். அதற்குள் பலருக்குத் திருட்டு நடந்ததே மறந்திருந்தது.

தபால் துறையில் இருந்த பெரியவர் ஒருவர் போனை என் மேஜையில் வைத்தார். பேசியவன் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறான். “ஐயா, உறுப்பினர் எண் இதுதானே? இந்த வருஷம்தானே ரிட்டயர் ஆனீங்க? நாமினி அம்மாதானே?” மூன்றும் சரி. அடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல். பெயர் ‘ஜீவன் பிரமாண்’, அரசின் டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட்டின் பெயர். கடைசியில் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஏற்றும் ஆப். அதை இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டால் ஓடிபி உட்பட எல்லா எஸ்எம்எஸ்ஸும் அவனுக்கும் போகும். நல்லவேளை, பெரியவர் அதைத் தொடவில்லை.

“இவ்வளவு தெரிஞ்சவன் ஆபீஸ் ஆளாத்தானே இருக்கணும்?” என்றார். வாழ்நாள் முழுக்க விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே ஆளை நம்பியவர். “சார், அந்த விவரமெல்லாம் இப்போ விலைக்குக் கிடைக்குது” என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

2024இல் ஸ்டார் ஹெல்த் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவ அறிக்கைகள்கூட டெலிகிராம் பாட்களில் (கேட்டால் தானாகவே பதில் தரும் கணக்குகளில்) கிடைத்தன. 3 கோடிப் பேருக்கு மேல் என்று விற்றவர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. வழக்குப் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் ஒருமுறை பிரதி எடுக்கப்பட்டதை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

உறுப்பினர்களுக்குச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நிர்வாகக் குழுவில் சிலர் தயங்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எது போனது என்று தெரிந்தால்தான், அதைச் சொல்லி ஒருவன் பேசும்போது சந்தேகம் வரும். பெரிய எழுத்தில் அச்சடித்துத் தபாலில் அனுப்பினோம். என்னென்ன போயின, எங்கள் பெயரில் வரும் செய்தியில் இனி லிங்க் இருக்காது, யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிட்டு அடையாள அட்டையில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. லைஃப் சர்டிபிகேட்டுக்கு வங்கிக்குப் போகலாம், தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம்.

இனி வருடா வருடம் அந்தக் கடிதம் போகும். 80 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் செப்டம்பரிலேயே. அவர்கள் அக்டோபர் 1 முதலே லைஃப் சர்டிபிகேட் கொடுக்கலாம்.