யாரும் துடைக்காத பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாவது நோயாளிக்கும் அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா. பத்து நாளில் மூன்று பேர். மூவரின் கிருமிக்கும் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் கேட்கவில்லை. மிஞ்சியிருப்பது கோலிஸ்டின், அதுவும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து.

பதிவேட்டைப் புரட்டினேன். மூவரில் இருவர் ஒரே கட்டிலில் அடுத்தடுத்துப் படுத்தவர்கள். முதலாமவரை வார்டுக்கு மாற்றிய அன்று மாலையே மற்றவரான பெரியவரை அங்கே சேர்த்திருக்கிறோம். காய்ந்த இரும்பிலும் ரெக்சினிலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும் கிருமி இது. ஆளை அனுப்பிவிட்டோம், கிருமி கட்டிலிலேயே தங்கிவிட்டதோ என்று வயிறு கலங்குகிறது.

மார்ச் 5, புதன்

நுண்ணுயிரியல் துறையிலிருந்து ஆள் வந்து கட்டில், கருவிகள் எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்துப் போனார். இரவு, ஒளிரும் ஜெல்லால் நான் புள்ளிகள் வைத்தேன். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, புற ஊதா டார்ச்சில் நீலமாக ஒளிரும், ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும்.

மார்ச் 6, வியாழன்

காலைச் சுத்தம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். தரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாக்கர் மேலே வைத்த புள்ளி இல்லை. பக்கக் கம்பியின் மேல்புறத்திலும் இல்லை. குனிந்து அடிப்புறத்தைப் பார்த்தேன். கம்பியை ஏற்றி இறக்க எல்லோரும் விரலை மடக்கிப் பிடிக்கும் அந்த இடத்தில், நான் வைத்த வட்டம் ஓரம்கூடக் கலையாமல் நீலமாக மின்னியது. இரத்த அழுத்தப் பட்டையின் உட்புறமும் அப்படியே. வெண்டிலேட்டரில் அலாரத்தை நிறுத்தும் பொத்தானும் அப்படியே. ஓர் இரவில் எத்தனை கைகள் அந்தப் பொத்தானை அழுத்துகின்றன! என் கையும் அதில் ஒன்று.

மார்ச் 7, வெள்ளி

துப்புரவு செய்யும் அக்காவிடம் கேட்டேன். "மெஷினைத் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள் சிஸ்டர். ஏதாவது ஆகிவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்றார். செவிலியர்களோ அது துப்புரவு வேலை என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறோம். இரு தரப்புக்கும் நடுவில் அந்தப் பொத்தான் அனாதையாகக் கிடந்திருக்கிறது.

அவருடைய வாளியையும் பார்த்தேன். பன்னிரண்டு கட்டிலுக்கும் அந்த ஒரே வாளிதான். ஐந்தாறு கட்டில் தாண்டினால் தண்ணீர் கலங்கிவிடுகிறது. அழுக்குச் சேரச் சேர அதில் கலந்த ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமிநாசினியின் வீரியம் போய்விடும். அதோடு, டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று ஈரத்துணி போட்ட கையோடு உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறார். எங்கள் விதிப்படி பத்து நிமிடம் ஈரம் நிற்க வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் வரும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். தாய்மாரின் சாவு மளமளவென்று குறைந்தது. அதே குளோரின்தான் எங்கள் வாளியிலும் இருக்கிறது. வேலை செய்ய அதற்கு நேரம் கொடுக்காதவர்கள் நாங்கள்.

மார்ச் 10, திங்கள்

பெரியவர் கட்டிலின் இரத்த அழுத்தப் பட்டையில் அசினெட்டோபாக்டர் வளர்ந்திருக்கிறது. அதே மருந்துகளுக்கு அதே எதிர்ப்பு. அவரிடமிருந்து பட்டைக்குப் போனதா, பட்டையிலிருந்து அவருக்கு வந்ததா என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டை இதுவரை மூன்று கட்டிலுக்குப் பொதுவாக இருந்தது.

இன்று முதல் கட்டிலுக்கு ஒரு பட்டை, கட்டிலுக்கு ஒரு துணி. கருவிகளை ஒவ்வொரு ஷிப்டிலும் செவிலியரே துடைக்க வேண்டும். எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். இன்னும் இரண்டு துப்புரவுப் பணியாளர்கள் வேண்டுமென்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைத்தது. விடப்போவதில்லை.

மார்ச் 14, வெள்ளி

மறுபடி புள்ளி வைத்திருந்தேன். டார்ச்சை அக்காவிடமே கொடுத்தேன். கம்பிகளின் அடியில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒன்பதாம் கட்டிலில் ஒரு நீலப் புள்ளி தெரிந்ததும், நான் வாய் திறப்பதற்குள் துணியை எடுத்துவிட்டார்.

பெரியவருக்குக் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் இரத்த அளவு, ஏறிக்கொண்டே போகிறது. மாலையில் அவர் மகள் கேட்டாள்: "அப்பா இங்கே வரும்போது காய்ச்சலே இல்லையே சிஸ்டர்?"

"இல்லைதான் அம்மா. இங்கே வந்த பிறகு ஒட்டிய கிருமி இது" என்றேன்.

அவள் வெகுநேரம் பேசவில்லை. வெளியே வந்து, அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்.