கணப்பு மூட்டும் முன் காற்றைப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவின் மெல்பன் நகரில் குடியேறுகிறவர்கள் முதல் குளிர்காலத்திலேயே ஆசைப்பட்டு வாங்கும் பொருள்களில், வெளியில் விறகு எரித்துக் குளிர்காயும் ஃபயர் பிட்டும் ஒன்று. ஜூன், ஜூலை மாதங்களில் மாலை ஆறு மணிக்குள் நன்றாக இருட்டிவிடுகிறது. வீட்டுக்குள் ஹீட்டர் முன்னால் முடங்கிக் கிடப்பதைவிட, கொல்லைப்புறத்தில் இரும்புக் கணப்பைச் சுற்றி நாலு பேருடன் உட்கார்ந்து குளிர்காய்வது எவ்வளவோ மேல். அக்கம்பக்கத்தாருடன் எங்களுக்குப் பேச்சு வார்த்தை ஏற்பட்டதே அந்தத் தீயால்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சி.எஃப்.ஏ. என்ற தீயணைப்பு அமைப்பில் நெடுநாள் தன்னார்வலராக இருந்தவர். விக்டோரியா மாநிலத்தின் கிராமங்களையும் நகர விளிம்புகளையும் காக்கும் அந்த அமைப்பு, பெரும்பாலும் சம்பளம் வாங்காத இத்தகைய மனிதர்களால்தான் நடக்கிறது. "தீப்பெட்டியை எடுப்பதற்கு முன் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்" என்றார். கோடையில் வடக்கிலிருந்து வீசுவது உள்நாட்டுப் பாலையைக் கடந்து வரும் அனல்காற்று. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பனில் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்டது. அன்று பற்றிய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். மாலையில் காற்று திசை மாறித் தென்மேற்கிலிருந்து வீசியபோது, நீளமாக எரிந்துகொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் முன்முனையாக மாறிப் பாய்ந்தது. இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். இங்கே தீயைப் பற்றிய விதிகள் ஏன் இத்தனை கறாராக இருக்கின்றன என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை.

சருகைக் கூட்டிக் குவித்து, வேண்டும்போது கொளுத்திப் பழகியவர்கள் நாம். இங்கே அது நம் விருப்பத்தில் இல்லை. வறட்சியைப் பொறுத்து, ஒவ்வொரு நகராட்சிப் பகுதிக்கும் தீ அபாயக் காலம் என்று ஒன்றை அறிவிக்கிறார்கள். அது கோடைக்கு முன்பே தொடங்கி இலையுதிர் காலம் வரை நீளலாம். அந்த மாதங்களில் குளிர்காயவோ சமைக்கவோ தீ மூட்டினால் காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வீசக்கூடாது. தீயைச் சுற்றி 3 மீட்டர் தூரத்துக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. அணைக்கத் தெரிந்த ஒருவர் தண்ணீருடன் கூடவே இருக்க வேண்டும். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகும் கரியும் அறவே கூடாது. விக்எமர்ஜென்சி செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் அன்றன்றைய நிலை தெரிந்துவிடும். இவை போக, உள்ளூர் கவுன்சிலுக்கென்று தனி விதிகள் உண்டு. சில கவுன்சில்களில் அனுமதி வாங்க வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எதை எரிக்கிறோம் என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். பழைய வேலியைப் பிரித்தால் கிடைக்கும் பைன் பலகையை விறகாக நினைத்துவிடுகிறோம். அதை வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெட்டுமுனையில் வெளிறிய பச்சைச் சாயல் தெரியும். கறையான் அரிக்காமலிருக்கத் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய மரம் அது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போட்டால் கீரையிலும் ஏறும். தைல மரத்தின் காய்ந்த இலையும் பட்டையும் வேறு விதத்தில் ஆபத்தானவை. எண்ணெய்ச் சத்துள்ள இலை குப்பென்று பிடிக்கும், பட்டை தீப்பொறியாகப் பறந்து அடுத்த வீட்டுக் கூரை விளிம்பின் மழைநீர்க் கால்வாயில் போய் உட்காரும். தீ பிடிக்கவில்லை என்று பெட்ரோல் ஊற்றுவதை நான் இருக்கும் இடத்தில் யாரையும் செய்ய விடமாட்டேன். அதன் ஆவி தரையோடு பரவி, ஊற்றுகிறவரையே பற்றிக்கொள்ளும்.

அணைப்பதற்கு மூட்டியதைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மண்ணைப் போட்டு மூடுவது பெரிய ஆபத்து. மண்ணுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் சூடு குறையாமல் கிடக்கும். மறுநாள் காலை வெறும் மண் என்று குழந்தை காலை வைத்துவிடும். தண்ணீரை ஊற்றி, கம்பியால் கிளறி, மறுபடி ஊற்றி, 'சுர்' என்ற சத்தம் அடங்கும்வரை விடக்கூடாது. பிறகு புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அணையாத கங்கை அறையில் வைத்துக் குளிர்காய்வது அதைவிடக் கொடியது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமோ வாசனையோ இல்லை.

சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரிடம் 000 என்ற எண்ணைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். ஆங்கிலம் வராவிட்டாலும், தீயானால் 'ஃபயர்', ஆம்புலன்ஸ் வேண்டுமானால் 'ஆம்புலன்ஸ்' என்று சொல்லி, போனை வைக்காமல் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடுவார்கள்.