மேலூர் கடைமடையிலிருந்து மலைக்காடுகள் வரை: குடும்பத்தோடு ஒரு கார்ப் பயணம்

நம் ஊர்ப் பக்கம் டென்ட் வாங்கி வைத்திருப்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று அறிவித்த எந்தக் காட்டுக்குள்ளும் நாம் நினைத்த இடத்தில் காரை நிறுத்தி டென்ட் அடிக்க முடியாது, அடுப்பும் மூட்ட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகள் கருகிப் போனதை தேனி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அதனால் இந்தக் கட்டுப்பாடுகளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. காட்டுக்குள் இரவு தங்க ஆசைப்பட்டால் வனத்துறையே நடத்தும் கூடாரமும் மரவீடும் இருக்கின்றன, முன்பதிவு செய்துவிட்டுப் போகலாம். சொந்த டென்ட்டைக் காட்டுக்கு வெளியே, தெரிந்தவர் தோப்பிலோ அனுமதி பெற்ற தனியார் இடத்திலோ அடித்துக்கொள்ளலாம். இரண்டையும் கலந்துதான் நாங்கள் போனோம்.

பிள்ளைகளின் காலாண்டு விடுமுறை. நான், என் வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன், கூடவே மதுரைக்குப் பக்கத்து மேலூரிலிருந்து என் மாமனார். அவரைக் கூட்டிக்கொண்டு போவதற்குத்தான் பெரும்பாடாகிவிட்டது. செப்டம்பர் கடைசி என்றால் மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்குத் தண்ணீர் வந்து நாற்று பாவியிருக்கும் நேரம். "நாத்த விட்டுட்டு எப்படித்தா வர்றது" என்றார். பெரியாறு பிரதான கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்குக் கீழே மேலூர்க்காரர்களுக்கு ஒருபோகம், அதிலும் மாமா நிலம் கடைமடை. மடை திறந்தும் தண்ணீர் வந்து சேராத வருடங்களை விரல்விட்டுச் சொல்வார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த ஏரியை இந்த வயசு வரைக்கும் அவர் பார்த்ததே இல்லை. பார்க்காமல் இருக்கக்கூடாது என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். பக்கத்து வயல்காரர் நாற்றைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பிறகுதான் கிளம்பினார்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, கம்பம் என்று போகும் வழி நம் ஆட்களுக்குப் பழகிய வழிதான், அதை நீட்டவேண்டாம். லோயர் கேம்ப்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தில் இறங்கினோம். மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கும்பிட்டார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. மலைப்பாதையில் ஏறும்போது ஒரு பக்கம் நான்கு பெரிய குழாய்கள் மலைச்சரிவில் இறங்குவது தெரியும். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1895-ல் அணை கட்டித் தடுத்து, மலைக்குள் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பியதால்தான் அந்தத் தண்ணீர் இந்தக் குழாய்களில் இறங்கி மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, முல்லையாறு வழியாக வைகைக்கு வருகிறது. மகன் கார் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "அய்யா, இதுதான் நம்ம வயலுக்கு வருதா?" என்று கேட்டான். "வயலுக்கும் வருது, உன் வீட்டுக் குழாய்க்கும் வருதுப்பா" என்றார் மாமா.

தேக்கடியில் அணைக்குப் பொதுமக்களை விடமாட்டார்கள். ஏரியில் படகு போகும், நாங்கள் காலை முதல் படகில் போனோம். தண்ணீருக்கு நடுவே பட்டமரங்கள் கருப்பாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை, நூறு வருடத்துக்கு மேலாகியும் மக்கவில்லை. அதன் உச்சிகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கரையில் காட்டுமாடுகள், தூரத்தில் குட்டியோடு யானைகள். படகில் இருந்த எல்லோரும் யானை இருந்த பக்கம் சாய்ந்தபோது மாமா மட்டும் மறுபக்கம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். "இம்புட்டுத் தண்ணியா" என்றதுக்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அணையின் நீர்மட்டம் 142 அடி, 152 அடி என்று செய்திகளில் வருவதெல்லாம் அவருக்கு மனப்பாடம், ஆனால் அந்த அடிக்கணக்கு கண்ணுக்கு முன்னால் இவ்வளவு அகலமாகக் கிடக்கும் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

மறுநாள் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்தோம். மழை விட்ட நேரம், அட்டை உண்டு, அதற்கென்று முழங்கால் வரை துணியுறை கொடுக்கிறார்கள், புகையிலைத் தூளும் தடவினார்கள். கூட வந்த அண்ணன் ஒரு மரத்தைக் காட்டி, அதன் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள்தான் 1990-களில் வனத்துறையோடு சேர்ந்து காவலுக்கும் வழிகாட்டவும் வந்தார்கள் என்று சொன்னார். அந்த மரத்தை வயணா என்பார்கள், காட்டு இலவங்கம். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும் என்பதால் வேட்டைக்காரர்களைப் பிடிப்பதிலும் அவர்கள்தான் கெட்டிக்காரர்களாம். இன்னொன்று என் மகளை நிறுத்தி வைத்தது. வசந்த சேனை என்று குமுளிப் பெண்களின் குழு ஒன்று இருக்கிறது. சந்தன மரங்களைக் காப்பதற்காகச் சம்பளம் வாங்காமல் முறைவைத்துக் காட்டில் ரோந்து போகிறார்கள். வீட்டு வேலையும் கூலி வேலையும் இருக்கிற பெண்கள். அவர்களைப் பற்றி நம் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பாடம் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

குமுளியிலிருந்து ஏலத்தோட்டங்கள் வழியாகப் பூப்பாறை, அங்கிருந்து மூணாறு. மூணாறுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் முகாமில் டென்ட் அடித்தோம், அந்த இரவு எங்களுக்குப் பிடிக்கவில்லை. பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு, நெருப்பு மூட்டி ஆட்டம், பாதி ராத்திரி வரை ஓயவில்லை. யானை நடமாடும் சரிவுக்கு மேலே இப்படிச் சத்தம் போடுவதைக் கேட்கும்போது கோபம்தான் வருகிறது. முகாம் பதிவு செய்யும்போதே பாட்டு உண்டா, நெருப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் வேறு இடம் பாருங்கள்.

எரவிகுளம் அதற்கு நேர்மாறு. நுழைவாயிலிலேயே நம் காரை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் ராஜமலைக்குப் போகமுடியும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மிக அதிகமாக வாழ்வது கேரளத்தில் இருக்கும் இந்தப் பூங்காவில்தான், நடைபாதையின் ஓரத்திலேயே பயமில்லாமல் மேய்கிறது. 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030-ல்தான். எங்களுக்குக் கிடைத்தது மூடுபனியும் பனி விலகும்போது ஆனைமுடியும், 2,695 மீட்டர். அது போதும். புல்வெளியும் இடையிடையே மடிப்பில் ஒளிந்திருக்கும் சோலையும் சேர்ந்து மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் மழையே இல்லாத ஒரு மதியத்தில் புல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பாதையைக் கடப்பதைக் காலால் உணர்ந்தபோதுதான் மனதில் பதிந்தது.

மூணாறிலிருந்து மறையூர் வழியாகச் சின்னாறு. இந்தப் பகுதியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. தேயிலைத் தோட்டத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறிய பிள்ளைகள் சில மணி நேரத்தில் முள்காட்டில் இறங்கிக் கழற்றி எறிந்தார்கள். மலை மேற்கிலிருந்து வரும் மழையை மறித்துவிடுவதால் சின்னாறு மழைமறைவுப் பிரதேசம். கள்ளியும் வேலமரமுமாக, மதுரை அழகர்மலை அடிவாரத்தில் நிற்கிறோமோ என்று இருக்கும். மறையூரில் சந்தனக்காட்டுக்கு வேலி போட்டுக் காவல் இருக்கிறார்கள், பாறைமேட்டில் முனியறைகள் என்று சொல்லும் பழைய கற்திட்டைகள் நிற்கின்றன. வழியில் ஆலைக்கொட்டகையில் சூடாக உருட்டிய மறையூர் வெல்லம் வாங்கினோம், 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த வெல்லம். கரும்பு போட்டு அனுபவம் உள்ள மாமா பாகு பதத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கொட்டகைக்காரரோடு பேச உட்கார்ந்துவிட்டார். அங்கே எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள்தான்.

சின்னாறில் வனத்துறை மரவீட்டில் தங்கினோம். சாலையிலிருந்து காட்டுக்குள் நடந்து போகவேண்டும், சுற்றிலும் யானை வராமல் அகழி வெட்டியிருக்கிறார்கள், மின்சாரம் கிடையாது. கூட வந்த இரண்டு காவலர்களும் அங்குள்ள மலைவாழ் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள், அரிசியும் பருப்பும் நாங்கள் வாங்கிக்கொடுக்க அவர்களே சமைத்தார்கள். மாலையில் நரை அணிலைக் காட்டினார்கள், ஆற்றோர மருதமரத்தில், பூனை அளவு. இந்தியாவில் மிகச் சில காடுகளில்தான் அது இருக்கிறது, அதில் ஒன்று நம் ஸ்ரீவில்லிபுத்தூர். ராத்திரி அகழிக்கு அந்தப் பக்கம் மரக்கிளை முறியும் சத்தம். மகன் என் கையை விடவே இல்லை. காவலர் டார்ச் அடிக்கவில்லை, "அது சாப்பிடுது, சாப்பிட்டுட்டுப் போயிடும்" என்று மெதுவாகச் சொன்னார். அப்படியேதான் போனது.

காலையில் பாம்பாற்றில் கால் நனைத்தோம். கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறும் சின்னாறும் சேர்ந்து நம் பக்கம் இறங்கி அமராவதியாகித் திருப்பூர் மாவட்டம் வழியாகக் கரூர் வரை போகிறது. அப்போதுதான் மகள் ஒரு நோட்டை எடுத்து வரைபடம் போட ஆரம்பித்தாள். தேக்கடி என்றால் வைகை, சின்னாறு என்றால் அமராவதி. அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்டிலும் இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

உடுமலை தாண்டி சேத்துமடைக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரின் நண்பர் தென்னந்தோப்பில் எங்கள் டென்ட்டை அடித்தோம். வாய்க்காலில் குளியல், கட்டுச்சோறு தீர்ந்துவிட்டதால் அவர்கள் வீட்டிலிருந்து கொள்ளு ரசமும் சோறும். மறுநாள் டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளம். கேரளத்தின் புலிகள் காப்பகம்தான், ஆனால் சாலை நம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து மட்டுமே உண்டு. டாப்சிலிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. கண்மூடித்தனமாக வெட்டித் தீர்த்த தேக்குக்காட்டில், கைத்தடியால் குழி குத்தி விதை போட்டுக்கொண்டே நடந்தவர் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். 1933-ல் இறந்தவருடைய கல்லறையைச் சுற்றி இப்போது தேக்குகள் வானம் தெரியாமல் நிற்கின்றன.

பரம்பிக்குளத்தில் வனத்துறைக் கூடாரத்தில் இரவு. மேடை கட்டி, கூரை போட்டு, உள்ளே கட்டிலும் கழிவறையும் இருப்பதால் வயதானவர்களுக்குச் சிரமமே இல்லை. விடிந்ததும் வாசலில் புள்ளிமான் கூட்டம். கன்னிமரா தேக்கைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள், சுற்றளவு மட்டும் ஏறத்தாழ 7 மீட்டர். முன்பு வெட்டப் போனபோது ரத்தம் வந்ததாகவும், அதிலிருந்து அங்குள்ள மக்கள் அதைக் கும்பிடுவதாகவும் வழிகாட்டி சொன்னார். நாங்கள் குடும்பமாகக் கைகோத்து நின்றோம், கடைசியில் வழிகாட்டியும் சேர்ந்தபிறகுதான் வட்டம் முடிந்தது. இங்குள்ள அணைகளைப் பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளம்-ஆழியாறுத் திட்டத்தில் மலைக்குள் சுரங்கம் வழியாகத் தண்ணீர் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வருகிறது, ஒரு பங்கு கேரளத்துச் சித்தூருக்கும் போகிறது. மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முதுமலையும் பந்திப்பூரும் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குச் சோற்றுக் கவளம் ஊட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், ராகியும் கொள்ளும் வெல்லமும் வைத்து உருட்டுகிறார்கள். மாயாற்றைத் தாண்டினால் பந்திப்பூர், 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது எடுத்த முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று. இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலை மூடியிருக்கும், அதனால் எத்தனை விலங்குகள் லாரிச் சக்கரத்திலிருந்து தப்பியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் காத்திருப்பது ஒரு பொருட்டே இல்லை. புலி பார்க்கவில்லை. மாயாறு பவானிசாகருக்குப் போகிறது என்று மாமா சொன்னார், அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

திரும்பும்போது சாம்ராஜ்நகர், திம்பம், பண்ணாரி, ஈரோடு, திண்டுக்கல். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில. எரவிகுளம் வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி, மார்ச்சில் மூடியிருக்கும். கோடையில் தீ பயம் இருந்தால் மற்ற காடுகளிலும் நடைபயணத்தை நிறுத்திவிடுவார்கள். காலாண்டு விடுமுறையில் அட்டைக்கடி இருந்தாலும் அணைகள் நிறைந்து காடு பச்சையாக இருக்கும், கூட்டமும் கம்மி. ஊரில் விவசாயம் பார்க்கும் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். பரம்பிக்குளத்துக் கூடாரமும் சின்னாறு மரவீடும் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் நிறைந்துவிடும். அந்த இரண்டுக்கும் தேதி கிடைத்தபிறகு மற்ற ஊர்களை அதைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.